சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பாடமே ஆரம்பம்... வேலை நமக்கு எப்படிக் கற்றுத்தருகிறது?

``ட்ரெயினிங் முடிஞ்சுடுச்சு. நாளையிலிருந்து உங்க சீட்ல உட்கார்ந்துக்கலாம்!''

முதல் வேலையில் சேர்ந்த பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். கழுத்தில் புது ஐடி கார்டு, கையில் நோட்டு நிறைய குறிப்புகள். மறுநாள் காலை முதல் வாடிக்கையாளர் வந்து நின்று கேட்கும் கேள்வி, அந்தக் குறிப்புகளில் எங்கேயுமே இருக்காது. பக்கத்து சீட் அக்காவைத் திரும்பிப் பார்த்தால், அவர் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். ``இதை ஏன்க்கா ட்ரெயினிங்ல சொல்லலை?'' என்று கேட்டால், ``இதையெல்லாம் யாருப்பா உட்கார வெச்சு சொல்லித்தருவாங்க... போகப்போக தானா வந்துடும்'' என்பார்.

தானாக வந்துவிடுமா? வங்கி கவுன்ட்டர், ஜவுளிக்கடை, ஐ.டி டீம், மருத்துவமனை வார்டு என எங்கே வேலை பார்த்தாலும், நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி வேலையின் போக்கில் வந்ததுதான். ஆனால் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இருவரில், ஒருவர் மூன்று வருடத்தில் எல்லோரும் தேடிவந்து சந்தேகம் கேட்கும் ஆளாகிவிடுகிறார். இன்னொருவர் சேர்ந்த இடத்திலேயே நிற்கிறார். இந்த வித்தியாசத்துக்குத் திறமை மட்டும்தான் காரணமா? வேலை செய்யும் இடத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது என்கின்றன சில ஆய்வுகள்.

மேனுவலில் இல்லாத கோளாறு

1980-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில், ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் ஒரு வித்தியாசமான வேலையைச் செய்தார். ஊர் ஊராகப் போய் ஜெராக்ஸ் மெஷின்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன்களோடு கூடவே சுற்றினார். அவர்கள் வேலை செய்வதை மட்டுமல்ல, காபி குடிப்பதையும் மதியம் சாப்பிடுவதையும்கூட கவனித்தார்.

நிறுவனத்தின் கணக்கு எளிமையானது. மெஷினில் கோளாறு என்றால் ஒரு எண் வரும். அந்த எண்ணை மேனுவலில் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக இருக்கும். அதன்படி செய்தால் மெஷின் சரியாகிவிடும். ஆனால், நிஜத்தில் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி. ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்க ஓடும். இன்னொன்றில் தூசியில் கிடக்கும். எண் ஒன்றைச் சொல்லும், கோளாறு வேறெங்கோ இருக்கும்.

அப்படி ஒரு மெஷினை ஜூலியன் ஓர் பதிவு செய்திருக்கிறார். டெக்னீஷியன் முயற்சி செய்தும் பிடிபடவில்லை. உதவிக்கு வந்த அனுபவசாலிக்கும் புரியவில்லை. இருவரும் மெஷின் முன்னால் நின்றுகொண்டு, முன்பு பார்த்த மெஷின்களைப் பற்றிய கதைகளை ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். `அங்கே இப்படி ஆச்சு, அப்போ இதைச் செஞ்சோம்' என்று ஒருவர் சொல்ல, அதிலிருந்து இன்னொருவருக்கு வேறொரு சம்பவம் நினைவுக்கு வந்தது. பேசிப் பேசியே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்திலும் இதேதான். சீட்டு விளையாடிக்கொண்டே, வம்பு பேசிக்கொண்டே, இடையில் மெஷின்களைப் பற்றிப் பேசுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் அரட்டை. அவர்களுக்கோ, அன்றைக்குத் தான் சிக்கிய கோளாறில் நாளைக்கு இன்னொருவர் சிக்காமல் இருக்க வழி. இந்த ஆய்வை ஜூலியன் ஓர் 1996-ல் புத்தகமாகவே வெளியிட்டார்.

ஜெராக்ஸ் நிறுவனம் இதிலிருந்து பாடம் படித்துக்கொண்டது. வெவ்வேறு இடங்களில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள் பேசிக்கொள்ள ரேடியோ கருவிகள் கொடுத்துப் பார்த்தது. பின்னர், `யுரேகா' என்ற பெயரில் ஒரு தகவல் தொகுப்பு உருவானது. ஒருவர் கண்டுபிடித்த தீர்வை எழுதி அனுப்பலாம். சக டெக்னீஷியன்கள் அதைச் சரிபார்ப்பார்கள். சரியென்றால் எழுதியவரின் பெயரோடு எல்லோருக்கும் போய்ச்சேரும். `இது இன்னாருடைய யோசனை' என்று அந்தப் பெயர் நிற்கும்.

பால் பெட்டிக் கணக்கு

அடுத்த உதாரணம் அமெரிக்காவின் ஒரு பால் ஆலையில் நடந்தது. உளவியலாளர் சில்வியா ஸ்க்ரிப்னர் அங்கே ஆய்வு செய்து, 1984-ல் வெளியிட்டார். அவர் கவனித்தது, ஆர்டர்படி பால் டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கும் தொழிலாளர்களை.

ஒரு பெட்டியில் 16 டப்பாக்கள் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் சீட்டில் `1 பெட்டி, அதில் 6 குறைவு' என்று இருக்கும். அதாவது, 10 டப்பாக்கள் வேண்டும். புதிதாக அந்த வேலையைச் செய்யவைக்கப்பட்ட பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் சீட்டில் உள்ளதை அப்படியே செய்தார்கள். முழுப் பெட்டியை எடுத்து, ஆறு டப்பாக்களை வெளியே வைத்தார்கள். அனுபவமுள்ள தொழிலாளர் முதலில் சுற்றும்முற்றும் பார்ப்பார். பக்கத்தில் 8 டப்பாக்களோடு பாதிப் பெட்டி ஒன்று கிடக்கிறதா? அதில் இரண்டை வைத்தால் முடிந்தது. ஆறு முறை குனிந்து நிமிர்வதற்குப் பதில் இரண்டே முறை.

அதே ஆர்டருக்கு, பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வழியை மாற்றிக்கொள்வார்கள். எந்த வழியில் கைக்கு வேலை குறைவோ, அதைக் கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். கணக்குப் பாடம் அண்மையில் படித்தவர்கள் மாணவர்கள்தான். ஆனால், ஒரு நாளைக்கு எத்தனையோ பெட்டிகளைத் தூக்கி முதுகு வலித்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு பிடிபட்டது.

நம் ஊரிலும் இதைத் தினமும் பார்க்கிறோம். மளிகைக்கடையில் கை அளவிலேயே கால் கிலோ பருப்பை அள்ளுபவரும், துணியைத் தொட்டதுமே எத்தனை மீட்டர் தேறும் என்று சொல்லும் டெய்லரும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான். `எப்படிங்க?' என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நமக்குப் பிடிபடும்.

அனுபவம் மட்டும் போதுமா?

இங்கேதான் ஒரு சிக்கல். நாள்கள் ஓடினாலே கற்றல் நடந்துவிடாது. பால் ஆலைத் தொழிலாளிக்கு அவர் தேர்ந்தெடுத்த வழி சரியா, தவறா என்பதை அவர் முதுகே உடனடியாகச் சொல்லிவிடும். ஆனால், பல வேலைகளில் அப்படி இல்லை. நாம் நிரப்பிய படிவத்தில் தவறு இருந்தால், அது மூன்று மேசை தாண்டி யாரோ திருத்திவிடுவார்கள். நமக்குத் தெரியவே தெரியாது. அதே தவறைப் பத்து வருடம் செய்தாலும், அதற்குப் பெயர் `பத்து வருட அனுபவம்'தான்.

தவறு செய்தவருக்கே அது திரும்பிவந்து சேர வேண்டும், அதுவும் அவமானமாக இல்லாமல் தகவலாக வர வேண்டும். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. அசெம்பிளி வரிசையில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி, ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம் என்ற வழக்கம் நீண்டகாலம் இருந்தது. உடனே விளக்கு எரியும். டீம் லீடர் அங்கேயே வருவார். குறித்த இடத்துக்குள் பிரச்னை தீரவில்லை என்றால் வரிசையே நின்றுவிடும். கயிற்றை இழுத்தவரை யாரும் முறைப்பதில்லை. பிரச்னையை மறைப்பதுதான் அங்கே தவறு. ஊழியர்கள் தங்கள் யோசனைகளை எழுதித் தரும் திட்டமும் அங்கே 1951-லேயே ஆரம்பித்துவிட்டது.

நம் அலுவலகங்களில் எத்தனை பேருக்கு அந்தக் கயிறு கையில் இருக்கிறது? `இதுகூடத் தெரியாதா?' என்ற ஒரு கேள்வி போதும். அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த ஜூனியர் வாயைத் திறக்க மாட்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்வார்.

மதுரையில் ஒரு பாடம்

வேலையின் போக்கில் கற்பதை நிறுவனமே பொறுப்பெடுத்துச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தூரமாகப் போக வேண்டாம். மதுரையில் இருக்கிறது அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது.

அங்கே போனவர்கள் கவனித்திருப்பீர்கள். பார்வைப் பரிசோதனை செய்வது, அறுவை சிகிச்சைக்கு நோயாளியைத் தயார் செய்வது, தியேட்டரில் டாக்டருக்கு உதவுவது, பயப்படும் பாட்டிக்கு ஆபரேஷன் பற்றி எடுத்துச்சொல்வது எனப் பல வேலைகளைச் செய்பவர்கள் இளம்பெண்கள். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு இரண்டு வருடப் பயிற்சியை மருத்துவமனையே தருகிறது. அடிப்படைப் பாடத்துக்குப் பிறகு ஒரு பிரிவில் சேர்ந்து, மூத்தவர்களின் கண்காணிப்பில் நிஜமான வேலையைச் செய்தபடியே கற்கிறார்கள்.

இதனால் கண் டாக்டர் தன் நேரத்தை அறுவை சிகிச்சைக்கே கொடுக்க முடிகிறது. ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் இன்னொரு நோயாளி தயாராக இருப்பார். ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் ஏராளமான அறுவை சிகிச்சைகள் செய்ய முடிவதற்கு, இப்படித் தேர்ச்சி பெற்ற பெண்கள் முக்கியமான காரணம். `போகப்போக வந்துடும்' என்று விட்டிருந்தால் இது நடந்திருக்காது. யார், யாரிடம், எதை, எப்போது கற்க வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள்.

`கத்துக்கோ' என்று சொல்லி ஏமாற்றினால்?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எச்.ஆர் கூட்டங்களில் `70-20-10' என்று ஒரு கணக்கைச் சொல்வார்கள். ஒருவர் கற்பதில் 70 சதவிகிதம் வேலை அனுபவத்திலிருந்தும், 20 சதவிகிதம் மற்றவர்களிடமிருந்தும், 10 சதவிகிதம் வகுப்புகளிலிருந்தும் வருகிறது என்பது அதன் சாரம். அமெரிக்காவின் `சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்' அமைப்பு 1980-களில் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த கணக்கு இது. வெற்றிபெற்ற மேலாளர்கள், தாங்கள் எதிலிருந்து கற்றோம் என்று நினைவிலிருந்து சொன்ன பதில்கள்தான் இதற்கு அடிப்படை. தராசில் வைத்து நிறுத்த எண்கள் அல்ல.

ஆனால், இதையே காரணமாகக் காட்டி, பயிற்சிக்கான செலவை வெட்டிவிட்டு, `வேலையிலேயே கத்துக்கோங்க' என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. இன்டர்ன் என்று சேர்த்துக்கொண்டு, சம்பளமும் இல்லாமல், சொல்லித்தர ஆளும் இல்லாமல், மூன்று மாதம் எக்ஸெல் ஷீட் நிரப்பவைப்பதும் `கற்றுக்கொள்ளும் வாய்ப்பு' என்றே அழைக்கப்படுகிறது. நம் நாட்டின் 1961-ம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம், தொழில் பழகுநருக்கு ஒப்பந்தம், பயிற்சி, உதவித்தொகை என மூன்றையும் சேர்த்தே பேசுகிறது. 

அது கற்றலா, சுரண்டலா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். `சந்தேகம் கேட்க எனக்கென்று ஒருவர் இருக்கிறாரா? நான் செய்ததைப் பார்த்து யாராவது திருத்துகிறார்களா? போன மாதம் செய்யாத ஒன்றை இந்த மாதம் செய்கிறேனா?' மூன்றுக்குமே `இல்லை' என்றால், அங்கே உழைப்பு மட்டும்தான் நடக்கிறது.

இன்றே செய்யக்கூடியவை

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: `எனக்குப் புரியலை' என்று மொட்டையாகக் கேட்பதைவிட, `நான் இப்படிச் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் நிற்கிறது' என்று கேளுங்கள். சொல்பவருக்கு நேரம் மிச்சம். உங்கள் முயற்சியும் தெரியும். கேட்டதை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். திரும்பக் கேட்க வேண்டியிருக்காது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்றால், பக்கத்து சீட் பேச்சு தானாகக் காதில் விழாது. வாரத்தில் ஒருமுறையாவது ஒரு சீனியர் வேலை செய்வதை ஸ்கிரீன் ஷேரில் பார்க்கக் கேளுங்கள்.

சீனியர்களுக்கு: விடையை மட்டும் சொல்லாமல், எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். `சொல்லிக்கொடுத்தா நம்ம இடம் போயிடும்' என்ற பயம் பலருக்கு உண்டு. அதில் நியாயமும் உண்டு. அதனால்தான் யுரேகாவில் யோசனையோடு பெயரும் போனது.

டீம் லீடர்களுக்கு: ஒரு வேலை சொதப்பினால் `யார் செஞ்சது?' என்பதற்கு முன்னால் `என்ன நடந்தது?' என்று கேளுங்கள். சொல்லித்தரும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். டீ பிரேக்கைக் குறைப்பதற்கு முன்னால், அங்கே என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: வேலைக்குப் போன பிள்ளையிடம் `சம்பளம் ஏறுச்சா?' என்று கேட்கிறோம். `இன்னிக்கு என்ன புதுசா கத்துக்கிட்டே, யார் சொல்லிக்கொடுத்தாங்க?' என்றும் கேட்டுப் பாருங்கள். பல நாள்கள் தொடர்ந்து பதில் வரவில்லை என்றால், அந்த வேலையைப் பற்றி அவர்களோடு கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.