வெள்ளை உறையில் வந்த கடிதம்

ஜேர்மனியில் புகலிடம் கோரிவிட்டுக் காத்திருக்கும் எம்மவருக்கு மஞ்சள் உறையைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புகலிட விண்ணப்பத்தின் முடிவு அந்த உறையிலேயே வருகின்றது. தபாற்காரர் அதன்மேல் திகதியைக் குறித்துவிட்டுப் போகும் நாளிலிருந்தே மேன்முறையீட்டுக்குரிய நாட்கள் எண்ணப்படுகின்றன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமக்கு அறிமுகமான குடும்பமொன்றுக்கு வந்த கடிதமோ சாதாரண வெள்ளை உறையில் இருந்தது. ஆயினும் வீட்டில் ஒருவருக்கும் அன்றிரவு உறக்கமில்லை. மறுநாட்காலை குடும்பத் தலைவர் அதனை எம்மிடம் கொண்டுவந்தார்.

"சேர், எங்கட கேசுக்கு ஏதும் பிழைச்சுப்போச்சோ?"

கடிதம் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து வந்திருந்தது. உங்கள் வீட்டு இணைய இணைப்பிலுள்ள கருவியொன்று தீய நிரலால் பாதிக்கப்பட்டுள்ளது, அதனை உடனடியாக அகற்றுங்கள் என்பதே அதன் சாரம். வீட்டில் கணினி கிடையாது. இருந்தவை மூன்று கைத்தொலைபேசிகளும், தெரிந்தவர் ஒருவரிடம் நூறு யூரோவுக்கு வாங்கிய கறுப்புப் பெட்டி ஒன்றுமேயாகும். சந்தா எதுவுமின்றித் தமிழ்த் தொலைக்காட்சிகள் அனைத்தையும் காட்டும் அந்தப் பெட்டியை எமது வாசகர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள்.

ஜேர்மனியின் தகவற் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகம் 2024 டிசம்பரில் ஓர் அறிவித்தலை வெளியிட்டிருந்தது. இணைய இணைப்புள்ள படச்சட்டங்கள், படம் காட்டும் பெட்டிகள் என்று ஏறத்தாழ 30,000 கருவிகளில் 'பாட்பொக்ஸ்' எனப்படும் தீய நிரல் கண்டறியப்பட்டு, அவற்றின் தொடர்பு துண்டிக்கப்பட்டது. இந்த நிரல் பின்னர் எங்கிருந்தோ தொற்றியதன்று. வாங்கும்போதே பெட்டிக்குள் இருந்தது. பாட்டியார் தொடர்நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முன்பின் அறியாத ஒருவர் அதே இணைப்பின் வழியாகத் தம் காரியங்களைச் செய்கிறார். பொய்க் கணக்குகளைத் திறக்கிறார். பொய்ச் செய்திகளைப் பரப்புகிறார். இன்னொருவர் செய்யும் குற்றத்துக்கும் அதே வழியை வாடகைக்கு விடுகிறார். அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யும் 2025 ஜூனில் இதே எச்சரிக்கையை விடுத்தது. குற்றம் எங்கே நடந்ததென்று தேடிவரும் காவற்றுறைக்கு முதலிற் கிடைப்பது இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவருடைய முகவரிதான். பெட்டியை விற்றவருடைய முகவரியன்று.

"பார்ப்பது குற்றமில்லை, விற்பதுதான் குற்றம்" என்று எம்மவரிடையே ஒரு சட்ட வியாக்கியானம் நெடுங்காலமாக உலவி வருகின்றது. இதனைச் சொல்பவர் பெரும்பாலும் விற்பவராகவே இருப்பார். நெதர்லாந்தில் இத்தகைய பெட்டி விற்ற ஒருவர் தொடர்பான வழக்கில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 ஏப்ரல் 26இல் தீர்ப்பளித்தபோது, விற்பனையை மாத்திரமல்ல, அனுமதியற்ற மூலத்திலிருந்து வீட்டிலே பார்ப்பதையும் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே வைத்தது. இங்கிலாந்தில் 2023 ஜனவரியில், பிடிபட்ட சேவையொன்றின் மூலம் கிடைத்த தகவல்களைக் கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு எச்சரிக்கை கொடுக்கப் புறப்பட்டார்கள். இத்தாலியில் 2025ஆம் ஆண்டு 2,282 பார்வையாளர்களுக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. ஆகக் குறைந்த தொகை 154 யூரோ. மீண்டும் அகப்பட்டால் 5,000 வரை ஏறும். விற்பவர் அகப்படும்போது அவரிடமுள்ள வாங்கியவர் பட்டியலும் அகப்படுகின்றது.

1991இல் நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் நடந்தது இன்னும் வேடிக்கை. கேபிள் நிறுவனமொன்று கம்பிவழியே சமிக்ஞை ஒன்றை அனுப்பிக் கள்ளப் பெட்டிகளை மாத்திரம் செயலிழக்கச் செய்தது. படம் நின்றுபோனதும் முந்நூறுக்கு மேற்பட்டோர் தத்தம் பெட்டியைத் திருத்தித் தரும்படி அதே நிறுவனத்துக்கு எடுத்துச்சென்று தாமாகவே அகப்பட்டுக்கொண்டார்கள்.

பெட்டி வாங்காதவர்களும் இந்நாட்டில் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2024 ஜூன் முடியும்வரை அடுக்குமாடி வீடுகளிற் கேபிள் கட்டணத்தை வாடகையுடன் சேர்த்து அறவிட வீட்டுச் சொந்தக்காரருக்கு அனுமதி இருந்தது. ஜூலை முதலாந் திகதியுடன் அது ஒழிந்தது. கேபிள் வேண்டுபவர் தாமே ஒப்பந்தம் செய்யவேண்டும். ஆனாற் பல வீடுகளிற் சுவரிலுள்ள இணைப்புமுனை துண்டிக்கப்படாமையால், பணம் கட்டாமலே படம் தெரிந்துகொண்டிருந்தது. மாதாந்தம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்டுகிறோமே, அதுவே போதும் என்று சிலர் எண்ணியிருந்தனர். அது வேறு, இது வேறு. நிறுவனம் இணைப்புமுனையை மூடி முத்திரையிட்டால் அதனைக் கழற்றவோ, அயல்வீட்டிலிருந்து கம்பி இழுக்கவோ முற்படவேண்டாம். அதேவேளை, கதவைத் தட்டி "இப்போதே கையொப்பமிடு, இல்லாவிட்டால் வழக்கு" என்று வெருட்டும் முகவருக்கும் பணியவேண்டாம். வாசலில் வைத்து இட்ட கையொப்பத்தை 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் மீளப்பெறலாம்.

ஒரு சுதேசிக்கு இதனால் வரும் நட்டம் குற்றப்பணத்துடன் முடிந்துவிடும். எம்மவருக்கு அப்படியல்ல. ஜேர்மன் குடியுரிமைச் சட்டத்தின்படி, 90 நாள் வருமானம் வரையான குற்றப்பணம் பொதுவாகக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. ஆனால் ஒருவர்மீது குற்ற விசாரணை நடக்குமானால், அது முடியும்வரை அவருடைய விண்ணப்பத்தின் மீதான முடிவு ஒத்திவைக்கப்படும். விசாரணை இறுதியில் ஒன்றுமில்லாமற் போகலாம். கோப்பு அதுவரை ஓர் அலுமாரியிற் கிடக்கும். பத்தும் பன்னிரண்டும் ஆண்டுகள் காத்திருந்தவர்கள் இன்னும் ஓர் ஆண்டு காத்திருப்பதென்றால் என்னவென்று நாம் விளக்கத் தேவையில்லை.

பெட்டியைக் கழற்றிவிடும்படி சொன்னோம். தந்தையார் மறுபேச்சின்றித் தலையசைத்தார். போகும்போது வாசலில் நின்று, "அப்ப அம்மா என்னத்தைப் பார்க்கிறது, சேர்?" என்று கேட்டார். எம்மால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மையாருக்கு ஜேர்மன் மொழி ஒரு சொல்லும் தெரியாது. பனிக்காலத்தில் வெளியே போகவும் முடியாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் வீட்டில் அவருடன் தமிழ் பேசியது அந்தப் பெட்டி மாத்திரமே. இதனை அறிந்துகொண்டுதான் விற்பவர்களும் விற்கிறார்கள்.

தமிழ்த் தொலைக்காட்சி நிலையங்கள் சில, தமது நிகழ்ச்சிகளைத் தாமே யூரியூப்பில் இலவசமாக வெளியிடுகின்றன. பேரன் அதனைத் தன் கைத்தொலைபேசியில் எடுத்துப் பெரிய திரையில் தெரியச் செய்து கொடுத்திருக்கிறான். பின்னொரு நாள் அவ்வீட்டுக்குப் போனபோது அம்மையார் எம்மிடம் முறையிட்டார். நாடகம் ஒருநாள் பிந்தியே வருகின்றதாம். நடுவே வரும் விளம்பரங்களில் வெள்ளைக்காரர் வந்து என்னவோ சொல்கிறார்களாம்.