பால் டீ நிறத்தில் வடியும் ஆயில்
கட்சால் போன்ற தீவில் ஃபோர் வீல் டிரைவ் பிக்-அப் சொகுசு வாகனம் அல்ல. அதன் ஆக்சிலுக்குள் ஒரு டீஸ்பூன் கடல் நீர் புகுந்தாலும் பிரச்சினை ஆரம்பம்.

வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்சிலின் நட்டைத் தளர்த்தினால் வடியும் ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். பழைய ஆயில் என்றால் கொஞ்சம் கறுத்திருக்கலாம். ஆனால் பால் டீ நிறத்தில், நுரையோடு வடிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். சென்னையிலோ கோவையிலோ இது ஒரு நாள் பட்டறை வேலை. நிக்கோபாரின் கட்சால் தீவில் கதை வேறு.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடந்தால் கட்சால். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கே கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். தீவு முழுவதும் பழங்குடியினருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளியாட்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் கால் வைக்க முடியாது. உடைந்த பேரிங்குக்கு மாற்று வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போகும் வசதி இங்கே இல்லை.

தமிழர்களுக்கு இந்தத் தீவு அந்நியமானதும் அல்ல. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் இங்குள்ள ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். நிக்கோபாரிகளுக்கு அடுத்தபடி தீவில் ஒலிக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று, கிரீன்விச்சில் நள்ளிரவு அடித்த அதே நேரத்தில் சூரியன் உதித்த இடம் என்று கட்சால் உலகச் செய்திகளில் அடிபட்டது. ஐந்தாண்டுகள்கூட ஆகவில்லை, 2004 டிசம்பர் 26 வந்தது. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2011இல் மூவாயிரத்துக்கும் கீழே போயிருந்தது.

சுனாமி வந்து போனது. ஆனால் நிலம் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. நிலநடுக்கத்தில் நிக்கோபார் தீவுகள் கீழே அமிழ்ந்தன. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. முன்பு கரையாக இருந்த தாழ்நிலங்களில் கடல் நிரந்தரமாகக் குடியேறியது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற தீவுகள் இவை. மண் பாதை, ஓடை, உப்புக் காற்று, சரிவு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. அந்த வேலையே அதற்கு எமனாகவும் ஆகிறது.

எப்படி நுழைகிறது தண்ணீர்?

சாதாரண காரை விட ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஆயில் நிற்கும் இடங்கள் அதிகம். கியர் பாக்ஸ், சக்தியை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என நான்கு. பட்டறை மொழியில் டிஃபரன்ஷியல் என்பது 'கிரவுன்'. ஒவ்வொன்றிலும் மூச்சு விட ஒரு சிறு துவாரம் உண்டு. அதற்கு பிரீதர் என்று பெயர்.

மலைப் பாதையில் ஏறி இறங்கிய ஆக்சில் நன்றாகச் சூடாகியிருக்கும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து பிரீதர் வழியே வெளியேறும். அந்தச் சூட்டோடு வண்டி ஓடையில் இறங்குகிறது. இரும்புக் கூடு சட்டென்று குளிர்கிறது. 90 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கினால் உள்ளே உள்ள காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆக்சில் மூச்சை இழுக்கிறது. பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் அது இழுப்பது காற்றை அல்ல, தண்ணீரை. பிரீதர் சேறு அடைத்துக் கிடந்தால் இன்னும் மோசம்: தேய்ந்த ஆயில் சீல்களின் உதடு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

எவ்வளவு தண்ணீர் ஆபத்து? டிம்கன் பேரிங் நிறுவனப் பொறியாளர் காண்ட்லி 1977இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு கணக்கு தருகிறது. ஆயிலில் பத்து லட்சத்தில் 100 பங்கு தண்ணீர் இருக்கும்போது ஒரு பேரிங் எவ்வளவு காலம் உழைக்குமோ, 400 பங்கானால் அதில் பாதிக்கும் குறைவாகவே உழைக்கும். 1,000 பங்கானால் கால்வாசி. கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் மூன்று லிட்டர் ஆயிலில் ஆயிரம் பங்கு என்பது வெறும் 3 மில்லி. ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாது. காண்ட்லி சோதித்தது கியர் ஆயிலை அல்ல என்றாலும் திசை ஒன்றுதான். இந்த அளவில் ஆயில் பால் டீயாக மாறியிருக்காமலும் போகலாம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சேதம் தொடங்கிவிடுகிறது.

கடல் நீர் என்றால் அதோடு 3.5 சதவிகிதம் உப்பும் சேர்ந்து வரும். உருளைகளின் பளபளப்பான பரப்பில் துரு புள்ளி வைக்கும். புள்ளி குழியாகும். குழியின் ஓரம் பெயர்ந்து, இரும்புத் துகள் ஆயிலில் கலந்து, அடுத்த பல்லைக் கடிக்கும். முதலில் மெல்லிய 'ஊ' என்ற ஒலி. பிறகு இரைச்சல். கடைசியில் நடுவழியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

மறந்துபோகும் முன் ஆக்சில்

இதில் அதிகம் ஏமாறுவது முன் ஆக்சில்தான். தேவைப்படும்போது மட்டும் லீவரைப் போட்டு நான்கு சக்கரமும் இயக்கும் வண்டிகளில், பல மாதம் முன் ஆக்சிலுக்கு வேலையே இருக்காது. உள்ளே புகுந்த நீர் அடியில் தங்கும். மேலே காயும் பல் சக்கரத்தில் துரு ஏறும். மழைக்காலத்தில் முதல் சேற்றில் லீவரைப் போடும்போதுதான் உண்மை தெரியும். மாதத்துக்கு ஓரிரு முறையாவது ஈரமண் பாதையில் நான்கு சக்கரத்தையும் இயக்கினால் உள்ளே எல்லாப் பாகமும் ஆயிலில் நனையும். உலர்ந்த தார்ச் சாலையில் இதைச் செய்யக் கூடாது. முன்னும் பின்னும் சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

இது தீவுக்கு மட்டுமான பாடம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் முதல் கவலை இன்ஜினைப் பற்றி, அடுத்தது மின் இணைப்புகளைப் பற்றி. ஆக்சிலைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். வண்டியும் ஓடும். ஆறு மாதம் கழித்து இரைச்சல் கேட்கும்போது வெள்ளம் மறந்துபோயிருக்கும்.

ஆட்டோமேடிக் கியர் உள்ள பிக்-அப்களில் இன்னொரு வழியும் உண்டு. சில மாடல்களில் கியர் ஆயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடும். அந்தக் குழாய் அரித்தால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்து இளஞ்சிவப்புப் பால் போலாகும். கூலன்ட்டில் உள்ள கிளைகால் கிளட்ச் தகடுகளின் ஒட்டைக் கரைத்துவிடும். ஆயிலை மாற்றினால் மட்டும் தீராது.

நட்டைத் திறக்கும் முறை

தற்காப்பு எளிது. ஆழமான நீரைக் கடந்த பின் வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். காலையில் அடி நட்டை லேசாகத் தளர்த்தினால், பிரிந்து நிற்கும் தண்ணீர் முதலில் சொட்டும். கலங்கிப் பாலாகிவிட்ட ஆயில் பிரியாது. அதை முழுதும் வடித்துவிட வேண்டும். சந்தேகமா? நன்கு காய்ந்த இரும்புத் தகட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போல் படபடத்தால் தண்ணீர் உண்டு.

ஆயிலை மாற்றும்போது ஒரு விதி முக்கியம். முதலில் மேலே உள்ள ஊற்றும் நட்டைத் திறக்க வேண்டும். பிறகே வடிக்கும் நட்டு. உப்புக் காற்றில் மேல் நட்டு துருவேறி இறுகியிருந்தால், கீழே வடித்த பிறகு திரும்ப ஊற்ற வழியிருக்காது. காலி ஆக்சிலோடு வண்டி நின்றுவிடும். நட்டின் காந்த முனையில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். ஊசி போன்ற சில்லுகள் இருந்தால் உள்ளே எதுவோ உடைகிறது. ஒரு முறை மாற்றினால் மூலைகளில் மிச்சம் தங்கும். புது ஆயில் ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி, மறுபடி வடித்து மாற்றுவதே நல்லது. கூடவே சீல்களையும் பார்க்க வேண்டும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி இன்ஜின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால், பாதி நோய்க்கு அதுவே மருந்து.

எந்த ஆயில் என்பதிலும் கவனம் தேவை. டிஃபரன்ஷியலுக்குரிய ஜிஎல்-5 ஆயிலை கியர் பாக்ஸில் ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சில வண்டிகளின் பித்தளை வளையங்களை அரிக்கலாம். தீவில் கையில் கிடைத்ததை ஊற்றும் ஆசை வரும். கையேட்டில் சொன்னதையே ஊற்ற வேண்டும்.

வடித்த ஆயில் எங்கே போகிறது என்பது இன்னொரு கேள்வி. கழிவு ஆயில், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. கட்சாலில் மண்ணில் ஊற்றினால் அடுத்த மழை அதைக் கடலுக்குக் கொண்டுபோகும். சுற்றிலும் பவளப்பாறை. டின்னில் அடைத்து, பொருள் கொண்டுவந்த கப்பலிலேயே திருப்பி அனுப்புவதே முறை.

நோயாளியை ஜெட்டிக்குக் கொண்டுபோவதும், அரிசி மூட்டையை ஊருக்குள் சேர்ப்பதும் இத்தகைய வண்டிகள்தாம். புது ஆக்சிலோடு அடுத்த கப்பல் வர நாளாகும். ஒரு நட்டைத் தளர்த்தி நிறம் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.