பாரம் தூக்கும் சங்கிலி

ஹவுரா நகரம் கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கே வார்ப்பட ஆலைகள் நிறைய உண்டு. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிப் பொருள் செய்யும் ஆலைகள் அவை. தெருவில் பார்க்கிறோமே, சாக்கடைக் குழி மூடி, அது இங்கிருந்து அமெரிக்கா வரை போகிறது! கோலாப்பூர், பெலகாவி, ராஜ்கோட் ஆகிய ஊர்களிலும் இத்தகைய ஆலைகள் உண்டு.

வார்த்த பொருள் சில சமயம் இரண்டு டன், மூன்று டன் இருக்கும். சூடாகவும் இருக்கும். கயிறு கட்டினால் கருகிவிடும். எனவே கிரேனில் சங்கிலி மாட்டித் தூக்குகிறார்கள். சங்கிலியை மாட்டுகிறவர் பெரும்பாலும் ஓர் உதவியாள். பாரம் எழும்போது பக்கத்தில் நிற்பவர் அவர்தான். ஒரு கண்ணி அறுந்தாலும் முதலில் அடிபடுபவர் அவரே.

இந்தச் சங்கிலி வெறும் இரும்பு அல்ல. கலப்பு உருக்கு. நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களைக் கொஞ்சம் சேர்த்துச் செய்தது. ஆனால் அதன் பலம் கலப்பில் மட்டும் இல்லை. பதத்தில் இருக்கிறது.

கொல்லர் அரிவாள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார். அப்போதுதான் அதற்குப் பதம் ஏறும். அந்த அரிவாளை அடுப்பில் போட்டு வைத்தால் என்ன ஆகும்? பதம் போய்விடும். பார்வைக்கு அதே அரிவாள்தான், ஆனால் வெட்டாது. சங்கிலியும் அப்படித்தான். ஆலையில் அளவாகக் காய்ச்சி, குளிரவைத்து, மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் ஏற்றியிருக்கிறார்கள்.

பழைய காலத்தில் தேனிரும்புச் சங்கிலிகள் இருந்தன. அவை உழைக்க உழைக்க இறுகி, உடையும் தன்மை வந்துவிடும். அதனால் அவ்வப்போது உலையில் காய்ச்சி மெல்ல ஆறவிடுவார்கள். அது அன்றைக்குச் சரியான வைத்தியம். இன்றைய கலப்பு உருக்குச் சங்கிலிக்கு அதுவே விஷம். வெல்டிங் வைத்து ஒட்டுவதும் அப்படியே. ஒட்டிய இடம் பளபளவென்று இருக்கும். பக்கத்தில் பதம் போயிருக்கும்.

சங்கிலி 200 டிகிரி சூடு வரை முழுப் பாரம் தாங்கும். அதற்கு மேல் பலம் குறையும். 400 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஆறிய பிறகும் உதவாது. 400 டிகிரியில் இரும்பு சிவக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கண்ணுக்குக் கருப்பாகத்தான் தெரியும்.

சங்கிலியில் ஒரு சிறு தகடு தொங்கும். அதைப் படியுங்கள். 8 அல்லது 80 என்று இருந்தால் அது சங்கிலியின் தரம். அதோடு தாங்கும் பாரமும் இருக்கும். இந்தத் தரத்தில் 10 மில்லிமீட்டர் கனமுள்ள ஒற்றைச் சங்கிலி, நேராகத் தொங்கும்போது 3.15 டன் தூக்கலாம். அதாவது 3 டன் 150 கிலோ. தகடு இல்லாத சங்கிலியைத் தொடவே வேண்டாம். எவ்வளவு தாங்கும் என்று யார் சொல்வது?

நேராகத் தொங்கும்போது என்றோம். காரணம் உண்டு. ஒரு குடம் தண்ணீரைக் கயிற்றில் கட்டி இரண்டு பேர் தூக்குங்கள். நெருங்கி நின்றால் சுலபம். விலகி விலகிப் போனால் கை கடுக்கும். குடம் அதே குடம்தான்! இரண்டு மீட்டர் நீளமுள்ள இரண்டு சங்கிலியால் 2 டன் பாரம் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். நேராகத் தொங்கினால் ஒவ்வொன்றிலும் 1 டன். கொக்கிகளுக்கு இடையே 2 மீட்டர் இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 1,150 கிலோ. மூன்றரை மீட்டர் விரித்தால் ஒவ்வொன்றிலும் 2 டன்னுக்குக் குறையாது! எனவே கொக்கிகளுக்கு இடையே உள்ள தூரம் சங்கிலியின் நீளத்தைத் தாண்ட வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் சங்கிலியைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். கண்ணியும் கண்ணியும் உரசும் உள்பக்கம்தான் முதலில் தேயும். தளர்த்திப் பிடித்தால்தான் அது தெரியும். 10 மில்லிமீட்டர் கம்பி தேய்ந்து 9-க்குக் கீழே வந்தால் கழித்துவிட வேண்டும். கண்ணி நீண்டிருந்தாலும், முறுக்கியிருந்தாலும், கொக்கியின் வாய் அகன்றிருந்தாலும் அதிகப் பாரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விரிசல் மயிரிழை அளவு இருந்தாலும் போதும், அது ஆகாது. சங்கிலியை முடிச்சுப் போட்டுச் சுருக்குவது, போல்ட்டும் நட்டும் போட்டு நீட்டுவது, இரண்டுமே தவறு. "இந்த ஒரு தடவைதானே" என்று மேஸ்திரி சொல்லலாம். அறுவதும் ஒரு தடவைதான்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆம் பிரிவில் இதைப் பற்றிச் சொன்னது. தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது சங்கிலியை முழுமையாகச் சோதிக்க வேண்டும், அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. சங்கிலி செய்கிறவர்களும் வருடத்துக்கு ஒரு சோதனையாவது வேண்டும் என்கிறார்கள். பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தப்பு இல்லை.

கழித்த சங்கிலியை மூலையில் போட்டு வைக்கக் கூடாது. அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். துண்டு துண்டாக வெட்டித்தான் பழைய இரும்புக்குப் போட வேண்டும்.