சம்பளத்துக்குப் பிறகு நான்காம் நாள்

பெப்ரவரி பிறந்தால் ஹட்டன் கடைத்தெரு சிவந்துவிடும். இதய வடிவத் தலையணை, கரடிப் பொம்மை, ரோசாப்பூ என்று கடைவாசல்களில் தொங்கும். காதலர் தினம் 14ஆம் திகதி. தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. இந்த நான்கு நாள் கணக்கு வியாபாரிகளாகிய நமக்கு நன்றாகத் தெரியும்.

2025இல் லயத்துப் பையன் ஒருவன் 1,500 ரூபா பொம்மையைக் கையில் எடுத்து, "முதலாளி, அம்மா கணக்குல எழுதிக்கிருங்க" என்றான். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 மார்ச்சில் 1,000 ரூபா. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா. மழையில் நின்று கொழுந்து பறித்து, முழுப் பேர் விழுந்தாலும் அந்தத் தாய்க்கு ஒரு பொம்மைக்குக் காணாது.

"தம்பி, அரிசி, மாவு என்றால் எழுதுவேன். இதைக் காசு கொடுத்து வாங்கு" என்றேன். முகம் வாடிப் போனான். வேறு கடையில் வாங்கியிருக்கலாம். எனக்கு ஒரு வியாபாரம் போனது.

ஆனால், லயத்தில் வரிசைக் காம்பிராக்களுக்கெல்லாம் ஒரே கூரை. ஒரு வீட்டுக் கடன் அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இராது. கடன்காரன் வந்து நின்றால் லயமே எட்டிப் பார்க்கும்.

அடுத்த சம்பளத்தில் அந்தத் தாய் வந்து பழைய பாக்கியில் பாதியைக் கட்டினார். பொம்மையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு அதே லயத்திலிருந்து மூன்று வீட்டார் புதிதாக என் கணக்குக் கொப்பியில் சேர்ந்தார்கள்.

சக வியாபாரிகளே, பரிசுப் பொருளைத் தாராளமாக விற்போம், காசுக்கு மட்டும். கடன், அடுப்பெரியவும் பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிக்கும் இருக்கட்டும்.