நரம்பு எரிச்சலும் மூலிகைச் சாறுகளும்: நோயாளர்கள் அறிய வேண்டியவை

உள்ளங்காலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, பஞ்சின் மீது நடப்பது போன்ற மரமரப்பு, இரவில் போர்வை பட்டாலும் தாங்காத கூச்சம். விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், திண்டிவனம் சுற்றுவட்டாரங்களிலிருந்து எங்களிடம் வரும் நீரிழிவு நோயாளர்கள் அடிக்கடி கூறும் தொல்லைகள் இவை. இவற்றோடு ஒரு கேள்வியும் வருகிறது: "இதற்கு மூலிகையில் மருந்து உண்டா? மஞ்சள், ஆவாரை, சிறுகுறிஞ்சான் சாறுகள் நரம்பைச் சரிசெய்யும் என்கிறார்களே?" இக்கேள்வி நியாயமானது. அதற்கு உரிய விடையை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

இது சிலருக்கு மட்டுமே உரிய தொல்லையன்று. 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு நீரிழிவு உள்ளது. சென்னையில் நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு உடையோரில் நூற்றுக்கு 26 பேருக்கு நரம்புப் பாதிப்பு காணப்பட்டது.

நரம்பு ஏன் வலிக்கிறது?

இரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்வாங்க நரம்புச் செல்களுக்கு இன்சுலின் தேவையில்லை. ஆகவே இரத்தத்தில் சர்க்கரை உயரும்போது நரம்புக்குள்ளும் அது உயர்கிறது. மிகுதியான சர்க்கரையைச் செல் சார்பிட்டால் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகிறது. செல்லைக் காக்கும் குளுட்டதயோனைப் புதுப்பிக்கத் தேவையான பொருள் இம்மாற்றத்தில் செலவாகிவிடுகிறது. அதே வேளையில், செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் அளவுக்கு மீறி உழைத்து, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வீரியமிக்க மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. காப்பு குறைந்து தாக்குதல் மிகும் இந்நிலையையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். இரும்பைத் துரு அரிப்பது போல இம்மூலக்கூறுகள் நரம்பின் புறவுறையையும் உள்ளிழையையும் அரிக்கின்றன. நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன.

உடலில் மிக நீண்ட நரம்பிழைகள் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகின்றன. நீளம் மிகுந்தவை முதலில் நலிவதால், விரல் நுனியில் தொடங்கும் தொல்லை காலுறை அணிந்தாற்போல் மெல்ல மேலேறுகிறது.

மூலிகைகள் பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

அரிப்பு ஆக்சிஜனேற்றத்தால் நிகழ்கிறது என்றால், அதைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் நரம்பு பிழைக்குமே என்பது இயல்பான எண்ணம். மஞ்சள், நெல்லி, முருங்கை, ஆவாரை முதலியவற்றில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் நிறைய உள்ளன. சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினைக் கொடுத்தபோது, வெப்பத்தால் அவை உணரும் மிகை வலி குறைந்தது. பிற மூலிகைகள் பற்றியும் இத்தகைய விலங்காய்வுகள் பல உள்ளன.

ஆனால் எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்க இரண்டு தடைகளைக் கடக்க வேண்டும். முதலாவது, அளவு. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றில் மூன்று பங்களவே உள்ளது. மூன்று கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டித் தூளில் கிடைப்பது ஏறத்தாழ 90 மில்லிகிராம். இரண்டாவது, உட்கிரகிப்பு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல், இரண்டு கிராம் குர்குமினைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். இரத்தத்தில் அது அறவே தென்படவில்லை, அல்லது மிகமிகக் குறைவாகவே தென்பட்டது. மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது உட்கிரகிப்பு இருபது மடங்கு கூடியது.

"அப்படியானால் மிளகு சேர்த்துக்கொள்கிறோம்" என்று சிலர் கூறுவர். சமையலில் சேர்க்கும் மிளகால் அச்சமில்லை. ஆனால் பைப்பரின் செறிந்த மாத்திரைகள், கல்லீரல் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் பணியையும் தடுக்கின்றன. அதனால் வலிப்பு நோய்க்கும் சிலவகை நரம்பு வலிக்கும் தரப்படும் பெனிட்டோயின், கார்பமாசெப்பின் ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் உயரக்கூடும். உட்கிரகிப்பு கூட்டப்பட்ட குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி உண்டான நேர்வுகளும் பதிவாகியுள்ளன.

சிறுகுறிஞ்சான் காட்டிய பாடம்

சர்க்கரைக்கொல்லி எனப் பெயர்பெற்ற சிறுகுறிஞ்சான் இலையைப் பற்றிச் சென்னை ஆய்வாளர்கள் 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். மாத்திரை உட்கொண்டுவந்த 22 நீரிழிவு நோயாளர்களுக்கு, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாற்றை 18 முதல் 20 மாதங்கள் வரை கூடுதலாகக் கொடுத்தனர். பலருக்குச் சர்க்கரை குறைந்தது. ஐவர் வழக்கமான மாத்திரையை நிறுத்த முடிந்தது. இது ஊக்கமளிக்கும் செய்தியே. ஆயினும் எண்ணிக்கை சிறியது. அளந்தது இரத்தச் சர்க்கரையை, நரம்பு வலியையன்று. அந்நோயாளர்கள் அனைவரும் தொடர் பரிசோதனையில் இருந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. இன்சுலினோடோ மாத்திரையோடோ இச்சாற்றைத் தாமாகவே அருந்தினால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரலாம்.

வெற்று மாத்திரையும் வலியைக் குறைக்கும்

பலருடைய மருந்துச் சீட்டில் ஆல்பா லிப்போயிக் அமிலம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் உடலும் பசலைக்கீரை போன்ற தாவரங்களும் உண்டாக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி அது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், 181 நோயாளர்கள் ஐந்து வாரம் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் பெற்றவர்களின் தொல்லை பாதியாகக் குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் அது நூற்றுக்கு 32 பங்கு குறைந்தது. இம்மருந்தை நான்கு ஆண்டுகள் கொடுத்துச் சோதித்து 2011இல் வெளியான பெரிய ஆய்வோ, தன் முதன்மை இலக்கை எட்டவில்லை.

இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்று. நரம்பு வலி தானாகவே ஏறி இறங்கும். நம்பிக்கையாலும் ஓரளவு தணியும். "இந்தச் சாறு குடித்தேன், வலி குறைந்தது" என்று அண்டை வீட்டார் சொல்வது பொய்யன்று. ஆனால் குறைத்தது சாறுதானா என்பதை அதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகவே.

மிளகாயின் வேறு வழி

நரம்பு வலிக்கு உறுதியான சான்றுடன் பயன்பாட்டுக்கு வந்த தாவரப்பொருள் ஒன்று உண்டு. அது மிளகாயின் காரப்பொருளான காப்சைசின். அது வேலை செய்வது ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தன்று. தோலிலுள்ள வலி நரம்பு நுனிகளை முதலில் தூண்டி, பின்னர் ஓயச் செய்கிறது. அக்காரத்தை உணரும் ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நூற்றுக்கு 8 பங்கு செறிவுள்ள காப்சைசின் ஒட்டுப்பட்டை, அக்கி வந்து ஆறிய பின் நீடிக்கும் வலிக்கு 2009இலும் நீரிழிவுப் பாத வலிக்கு 2020இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதற்காக மிளகாயை அரைத்துக் காலில் பூசிவிடாதீர்கள்; தோல் வெந்து புண்ணாகும்.

வலி நின்றால் குணமாகிவிட்டதா?

இக்கட்டுரையில் மிகவும் முக்கியமான செய்தி இதுவே. நரம்பு நலியும்போது வலிக்கிறது; முற்றிலும் செயலிழந்தால் வலி நின்றுவிடுகிறது. ஆறு மாதம் கஷாயம் அருந்தி எரிச்சல் அடங்கியவர் குணமடைந்ததாக மகிழக்கூடும். ஆனால் அவர் கால் உணர்விழந்திருக்கவும் கூடும். அத்தகையவர் கரும்புக் காட்டில் சோகைக்கட்டை குத்தியதையோ, செருப்புக்குள் கிடந்த சிறு கல்லையோ அறியமாட்டார். புண் ஆழமாகி, சீழ் பிடித்து, விரலையோ காலையோ அகற்றும் நிலை வரை செல்லலாம். வலி குறைந்தது நலமா, உணர்விழப்பா என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது; சில நிமிடங்களே ஆகும், வலிக்காது. நீரிழிவு உடைய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைச் செய்துகொள்ள வேண்டும்.

எரிச்சலுக்குக் காரணம் எப்போதும் சர்க்கரை என்றும் கொள்ளலாகாது. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொண்டால் வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் நரம்பைப் பாதிக்கும், ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யலாம். மது, தைராய்டு குறைபாடு, தொழுநோய், முதுகுத்தண்டுத் தட்டு விலகல் ஆகியவையும் காரணமாகலாம். காரணம் அறியாமல் சாறு அருந்திக் காத்திருந்தால், எளிதில் தீரக்கூடிய நோயும் முற்றிவிடும்.

பொடி வாங்குமுன்

2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14 பொருள்களில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காணப்பட்டன. இவை மூன்றும் நரம்பைக் கெடுப்பவை. பெயர்ச்சீட்டில்லாத சில பொடிகளில் ஸ்டீராய்டு கலக்கப்படுவதும் உண்டு. அது வலியை உடனே அடக்கும். சர்க்கரையையும் உடனே ஏற்றும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளோர் முருங்கை போன்ற கீரைச் சாறுகளை நாள்தோறும் அருந்தினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயரலாம்.

சித்த மருத்துவத்தை நாட விரும்புவோரை நாங்கள் தடுக்கவில்லை. தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இயங்குகிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. பட்டம் பெற்ற மருத்துவரிடம், உரிம எண் உள்ள மருந்தைப் பெறுங்கள். இரு மருத்துவர்களுக்கும் மற்றவர் தரும் மருந்து தெரிந்திருக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இன்சுலினையும் மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அரிப்பின் ஊற்று மிகைச் சர்க்கரை. அதைக் கட்டுப்படுத்துவதே முதல் மருந்து.

• வலி தாங்க முடியாவிடில் சொல்லுங்கள். பிரீகபாலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உள்ளன. வலி பாதியாகக் குறைந்து உறக்கம் வந்தாலே அது நல்ல பலன்.

• மஞ்சள், நெல்லிக்காய், கீரை ஆகியவற்றை உணவாக, வழக்கமான அளவில் உண்ணுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் அளவைக் கேட்டறியுங்கள்.

• இரவுதோறும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய இயலாதவருக்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்லட்டும்.

• வரப்பிலும் வாசலிலும் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். செருப்பை உதறிப் பார்த்து அணியுங்கள்.

• மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. ஆணிக்காலைப் பிளேடால் சீவாதீர்கள்.

• சிறு கொப்புளமோ புண்ணோ கண்டால் அன்றே வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் அருந்தும் சூரணம், கஷாயப் பொடி, மாத்திரை அனைத்தையும் அதனதன் பொட்டலத்தோடும் புட்டியோடும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். எது தொடரலாம், எது வேண்டாம் என்பதை உங்களோடு அமர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.