குச்சனூர் வானில் சனி: கைப்பேசியே ஆய்வுக்கருவி

தேனி மாவட்டம் குச்சனூரில் சுரபி நதிக்கரையில் சனீஸ்வரர் கோயில் உள்ளது. சனி என்றாலே அஞ்சும் மாணவர்கள் உண்டு. அந்தக் கோளையே அவர்களைப் படம் எடுக்கச் செய்யலாம்.

நிலவில்லாத இரவில், பெற்றோர் துணையுடன், ஸ்டெல்லேரியம் செயலியில் சனி இருக்கும் இடத்தை அறியட்டும். கைப்பேசியைச் செங்கல்லில் சாய்த்து, புரோ முறையில் 8 நொடி, ஐஎஸ்ஓ 800, டைமர் வைத்து எடுக்கட்டும். மாதம் ஒரு படம் என நான்கு மாதம் எடுத்து, அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டால் சனி இடம் மாறியிருப்பது தெரியும்.

அது சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29.5 ஆண்டுகள் ஆகும். 'சனைச்சரன்' என்ற பெயருக்கே மெல்லச் செல்பவன் என்றுதான் பொருள். முன்னோர் வெறுங்கண்ணால் கண்டறிந்ததை மாணவர் படத்தால் சரிபார்க்கிறார். தானே அளந்து பார்த்த கோளிடம் அச்சம் குறையும், கேள்விகள் பெருகும்.