நூறு கிலோ வண்டியும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சட்டமும்

ஜெர்மனியின் எசன் நகரத்தின் வடக்கு ஓரம் கார்னப். கடல் மட்டத்துக்கு மேல் 27 மீட்டர்கூடத் தேறாது. தெற்கு ஓரம் ஹைட்ஹவுசன். அங்கே 202 மீட்டர். இடையில் ரூர் ஆறு தோண்டிப் போட்ட பள்ளத்தாக்கு. நிலக்கரிச் சுரங்கமும் கிருப் இரும்பாலையும் இருந்த ஊர்தானே, தட்டையாகத்தான் இருக்கும் என்று நினைத்து 50 சிசி ஸ்கூட்டர் எடுப்பவர், வெர்டனிலிருந்து ஹைட்ஹவுசன் ஏறும் சாலையில் முதல் வாரமே உண்மையைத் தெரிந்துகொள்வார். பின்னால் பேருந்து. முன்னால் ஏற்றம். ஆக்சிலேட்டர் முழுக்கத் திருகியிருக்கிறது, வண்டியோ முனகுகிறது.

"ஐம்பது சிசி எடுத்தா ஏத்தத்தில சைக்கிள்காரனே முந்திப் போவான், தம்பி" என்றார் பக்கத்துக் கட்டிடத்து யாழ்ப்பாணத்து அண்ணை. மின்சார மிதிவண்டிகள் பெருகிவிட்ட இந்த ஊரில் அது வெறும் கிண்டல் இல்லை.

ஜெர்மனியில் ஸ்கூட்டர் வாங்கப் போனால் முதலில் குறுக்கே நிற்பது சட்டம். 50 சிசி வரையிலான வண்டி மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி தயாரிக்கப்பட வேண்டும். கார் உரிமம் இருந்தாலே அதை ஓட்டலாம். வரி இல்லை, இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்யும் தரப் பரிசோதனையும் இல்லை. ஒரு சின்ன காப்பீட்டுத் தகடு போதும். அது ஒவ்வொரு மார்ச் 1 அன்றும் கறுப்பு, நீலம், பச்சை என்று முறைவைத்து நிறம் மாறும். மலிவு, எளிது. ஆனால் ஊருக்குள் வேக வரம்பு 50. அந்த 5 கிலோமீட்டர் வித்தியாசம்தான் பின்னால் வரும் காரோட்டியின் பொறுமையைத் தின்கிறது. வேகத்தைக் கட்டுப்படுத்த சில வண்டிகளில், கியர் விகிதத்தைத் தானாக மாற்றும் வேரியேட்டருக்குள் ஒரு வளையம் போட்டிருப்பார்கள், சிலவற்றில் மின்னணுக் கட்டுப்பாடு. வளையத்தைக் கழற்றிவிட்டால் வண்டி பறக்கும் என்பது இங்குள்ள பதினாறு வயதுப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். கழற்றிய மறுகணமே அது வேறு வகை வாகனம். பிடிபட்டால் உரிமமில்லாமல் ஓட்டிய குற்றம்.

அடுத்த படி 125 சிசி. 1980 ஏப்ரல் 1க்கு முன் கார் உரிமம் வாங்கிய ஜெர்மானியத் தாத்தாக்களுக்கு அது இலவச இணைப்பு. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதியாக வந்து இங்கே உரிமம் எடுத்த நம்மவர்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. ஆனால் 2019 கடைசியில் ஒரு கதவு திறந்தது. 25 வயது நிரம்பி, கார் உரிமம் வாங்கி 5 ஆண்டு ஆனவர்கள் தலா 90 நிமிடம் கொண்ட 9 வகுப்புகளுக்குப் போனால் போதும், தேர்வு கிடையாது. 125 சிசி, 11 கிலோவாட் வரை ஓட்டலாம். ஜெர்மனிக்குள் மட்டும். எல்லை தாண்டி நெதர்லாந்தின் வென்லோவுக்குச் சாமான் வாங்கப் போக அது செல்லாது.

இனி எடைக்கு வருவோம். இலகுவான வண்டி பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். 100 கிலோ வண்டி, 75 கிலோ ஆள். சிக்னலில் நின்று மறுபடி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏறத்தாழ 17 கிலோஜூல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். ஆக, ஒரு சிக்னலுக்கு அரை டீஸ்பூன் பெட்ரோல். வண்டி 130 கிலோ என்றால் கூடுதலாகச் செலவாவது அரை மில்லி லிட்டருக்கும் குறைவு. ஒரு நடைக்கு 20 சிக்னல் என்று வைத்து, வேலை நாளெல்லாம் போய் வந்தாலும் வருஷத்துக்கு 4 லிட்டர் தேறும். அதற்காக யாரும் வண்டியை மாற்ற வேண்டாம்.

எடை கணக்குத் தீர்ப்பது ஏற்றத்தில். கார்னப் உயரத்திலிருந்து ஹைட்ஹவுசன் உயரத்துக்கு அதே 175 கிலோவைத் தூக்க 300 கிலோஜூல் வேண்டும். பதினெட்டு சிக்னல்களை ஒரே மூச்சில் கடப்பதற்குச் சமம். 50 சிசி எஞ்சின் தருவது சுமார் 2 கிலோவாட். பெல்ட்டிலும் கிளட்சிலும் ஒரு பங்கு போய்விடும். நூறு மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சாலையில் மீதியை வைத்துக்கொண்டு மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட்டால் அதிகம். அதே ஏற்றத்தில் 50ஐ விடாமல் போகச் சக்கரத்தில் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வேண்டும். நூறு கிலோ எடையில் 6 கிலோவாட் தருகிற வண்டிக்கு அது பெரிய வேலையே இல்லை. சட்டம் 11 கிலோவாட் வரை அனுமதிக்கிறது என்பதற்காக அத்தனையையும் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்த நூறு கிலோ, ஆறு கிலோவாட் கணக்கு எனக்குப் புதிதல்ல. நம் ஊர்த் தெருக்கள் இருபது வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்த விகிதம் அது. ஸ்கூட்டி பெப் 90 கிலோவை ஒட்டி, ஆக்டிவா 110க்குள். தமிழக அரசு 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானியத்தில் ஸ்கூட்டர் தந்தபோது பயன்பட்டதும் இந்த வகை வண்டிகள்தான். வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் ஆக்சஸ் 125 என்று ஓடும் சுசுகி, ஜெர்மனியில் அட்ரஸ் 125 என்ற பெயரில் விற்கிறது. எடை 105 கிலோ. இங்கே வந்துவிட்ட யமஹா ரே இசட்ஆரும் நூறு கிலோவை ஒட்டித்தான். ஒரு காலத்தில் சரக்கு எதிர்த்திசையில் போனது. ஜெர்மனியின் சுண்டாப் நிறுவனத்தின் சின்ன வண்டிகளை அடியொற்றித்தான் எண்பதுகளில் என்ஃபீல்டு, எக்ஸ்புளோரரையும் சில்வர் பிளஸ்ஸையும் நம் ஊரில் விற்றது. சுண்டாப் 1984இல் மூழ்கிவிட்டது.

எனக்குப் பிடித்தது ஹோண்டா விஷன் 110. நூறு கிலோ; முன்சக்கரம் 16 அங்குலம், பின்சக்கரம் 14. ஆக்சஸில் 12ம் 10ம். எசனில் இந்த அங்குலங்கள் முக்கியம், ஏனென்றால் சாலை நடுவே டிராம் தண்டவாளம் ஓடுகிறது. மழையில் நனைந்த எஃகு சோப்பு மாதிரி. அதன் பள்ளத்தில் ஒல்லியான டயர் இறங்கினால் ஹேண்டில்பார் நம் சொல் கேட்காது. எவ்வளவு நேர்குறுக்காகக் கடக்க முடியுமோ அவ்வளவு நேர்குறுக்காக, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். பெரிய சக்கரம் குழிக்குள் விழுவதைவிட அதன்மேல் ஏறிப் போவதே அதிகம். போதாததற்கு, ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டியிருக்கும். குழி வரும்போது எஞ்சினும் சேர்ந்து குதிக்கும். ஷாக் அப்சார்பருக்குக் கீழே அத்தனை பாரம் தொங்குவதால்தான் ஸ்கூட்டர் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது.

நம்பகம் என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள இந்த ஜப்பானிய எஞ்சின்கள் சும்மா நிற்பதில்லை. அவற்றைக் கெடுப்பது நாம் ஓட்டும் தூரம். ஜனவரிக் குளிரில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு 3 கிலோமீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் இடம் வந்துவிடும். எரியும் பெட்ரோலிலிருந்து பிறக்கும் நீராவி குளிர்ந்த எஞ்சினுக்குள் தண்ணீராகி ஆயிலில் கலக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் நிறத்தில் ஒரு குழம்பு. மருந்து எளிது: வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம் நீளமாக ஓட்டி அந்த நீரைக் கொதித்து வெளியேற விட வேண்டும், ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மட்டுமல்லாமல் காலம் பார்த்தும் மாற்ற வேண்டும். "வண்டி இழுக்கலை" என்று நம் ஊர் மெக்கானிக்கிடம் போனால் அவர் முதலில் திறப்பது வேரியேட்டர் மூடியை. உள்ளே உருளும் ரோலர்கள் ஒருபக்கம் தேய்ந்து தட்டையாகியிருக்கும், ரப்பர் பெல்ட் மெலிந்திருக்கும். இங்கேயும் அதே நோய்தான், கூலிதான் வேறு. பழைய வண்டி வாங்குகிறவர் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று முதலில் கேட்பது நல்லது. கூடவே அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு சைலன்ஸரைத்தான் முதலில் தின்னும்.

பழையது என்றதும் டூ ஸ்ட்ரோக்கைச் சொல்லாமல் விட முடியாது. கிழக்கு ஜெர்மனியின் சூல் நகரில் செய்த சிம்சன் ஷ்வால்பேவுக்கு இளைஞர்களிடம் இன்றும் கிராக்கி. காரணம், நாடு இணைந்தபோது போட்ட ஒப்பந்தத்தின்படி அந்தப் பழைய 50 சிசி வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் சட்டப்படியே போகலாம். அழகான வண்டி, புகைதான் சகிக்காது. டூ ஸ்ட்ரோக்கில் புதுப் பெட்ரோல் உள்ளே வரும்போதே பழைய புகை வெளியே போகிறது, கதவு இரண்டும் ஒருசேரத் திறந்திருப்பதால் எரியாத பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்தே நழுவிவிடும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு மையத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பல நகரங்களின் காற்றைக் கெடுப்பதில் இந்த வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. 2018 நவம்பரில் கெல்சன்கிர்ஷன் நிர்வாக நீதிமன்றம், ஏ40 நெடுஞ்சாலை உட்பட எசனில் பழைய டீசல் கார்களுக்குத் தடை போடச் சொல்லி பரபரப்பை உண்டாக்கியது. அந்த வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. ஆனால் நகரின் சுற்றுச்சூழல் மண்டல விதி இருசக்கர வாகனங்களைத் தொடுவதே இல்லை. நீலப்புகை கக்கும் ஷ்வால்பே ஒட்டுவில்லை ஏதுமின்றி நகர நடுவுக்குள் போகலாம்.

கடைக்குப் போனால் விலைப்பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எஞ்சினை அணைத்தபடியே பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். என் குடியிருப்பின் முற்றத்துக்குள் போகும் சரிவு பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும். 100 கிலோ வண்டியை அதில் தள்ள 10 கிலோ அளவு விசை போதும். 130 கிலோ என்றால் 13. மழைக்கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, தோளில் பையோடு, ராத்திரி எட்டு மணிக்கு அந்த 3 கிலோ நன்றாகவே தெரியும்.